படம் பார்த்தாயிற்று, கேமும் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

திரைப்படங்களை வைத்துச் செய்த வீடியோ கேம்கள் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கருவி, மின்சாரம், பழைய இறுவட்டு பற்றிக் கேட்டவர்களுக்கும் இதற்குள்ளேயே பதில் உண்டு.

கேள்வி: நல்ல படத்தை வைத்துச் செய்த கேம் ஏன் பெரும்பாலும் மோசமாக இருக்கிறது? அப்படியென்றால் 'கோல்டன்ஐ' கேமை மட்டும் இன்றைக்கும் ஏன் புகழ்கிறார்கள்?
– உயர்தர மாணவன், கொக்குவில்

தம்பி, முதற் குற்றவாளி நாட்காட்டி. படம் திரைக்கு வரும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடும். விளம்பரம் சூடாக இருக்கும் அதே கிழமையில் கேமும் கடையில் இருக்கவேண்டும் என்று உரிமம் கொடுத்தவர் நிற்பார். கேம் செய்பவர் கைக்குத் திரைக்கதை வந்து சேரும்போதே காலத்தில் பெரும்பங்கு போயிருக்கும். பிறகு படத்தொகுப்பில் ஒரு சண்டைக் காட்சியை வெட்டினால், அந்தக் காட்சிக்கென்று கட்டிய லெவல் முழுவதும் வீண். நாளைத் தள்ளவும் முடியாது. ஆகவே கடைசியில் வெட்டு விழுவது சோதனைக் காலத்தில்தான். வெளியான கேமில் நீங்கள் காணும் பழுதுகள் அநேகமாக அங்கே பிடிபட்டிருக்க வேண்டியவை.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1982 இல் அட்டாரி 2600 க்கு வந்த 'ஈ.ரி.' உரிமப் பேச்சு யூலைக் கடைசியில்தான் முடிந்தது, நத்தாருக்குக் கடையில் இருக்கவேண்டும். ஹவர்ட் ஸ்கொட் வார்ஷோ என்ற ஒரே நிரலாளர் ஐந்து வாரமளவில் அதை எழுதி முடித்தார். அவர் திறமை குறைந்தவர் அல்லர். அதே கருவிக்கு 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற பேர்பெற்ற கேமைச் செய்தவரும் அவர்தான். பிழை எங்கே என்றால் குழிகளில். களத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள், நாயகனான ஈ.ரி.யையோ பக்கவாட்டில் வரைந்திருக்கிறார்கள். கால் குழிக்கு வெளியே இருந்தாலும் தலையின் ஒரு புள்ளி குழியின் விளிம்பில் பட்டால் போதும், விழுந்ததாக நிரல் கணக்கெடுக்கும். கஷ்டப்பட்டு மேலேறி வந்தவன் வெளியே கால் வைத்த கணமே மறுபடி உள்ளே விழுவது இதனால்தான். நாலு பிள்ளைகளைக் கொண்டு ஒரு கிழமை விளையாட விட்டிருந்தால் தெரிந்திருக்கும், அந்த ஒரு கிழமைதான் அவர்களிடம் இல்லை. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜ்களை 1983 இல் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது ஈ.ரி.யோடு வேறு பல அட்டாரி கேம்களும் வெளிவந்தன. ஆகவே ஈ.ரி. மட்டுமே அந்த நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று கதைப்பவர்களை அப்படியே நம்பவேண்டாம்.

'கோல்டன்ஐ 007' இதற்கு நேர்மாறு. இந்த ஜேம்ஸ் பொண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது. ரெயார் நிறுவனம் செய்த கேம் நின்டெண்டோ 64 க்கு 1997 ஓகஸ்டில்தான் வந்தது. படத்தின் சூடு ஆறிப்போனபிறகு வரும் கேமை யார் வாங்குவார் என்று அன்று கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த இடைவெளிதான் அதைக் காப்பாற்றியது. காவலாளியின் கையில் சுட்டால் கையைப் பிடிப்பான், காலில் சுட்டால் நொண்டுவான். கடினநிலையை உயர்த்தும்போது எதிரி பலமாவதோடு நிற்காமல், செய்யவேண்டிய வேலைகளும் கூடும்; அதனால் ஒரே அணைக்கட்டு லெவலை மூன்று விதமாக விளையாடலாம். நாலுபேர் ஒரே திரையைப் பிரித்து விளையாடும் பகுதி இறுதிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. திகதிக்கு ஓடியிருந்தால் அது வந்தேயிருக்காது.

காலம் கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் முழு உண்மை அல்ல. 2004 இல் ஸ்டார்பிறீஸ் செய்த 'எஸ்கேப் ஃப்ரொம் புச்சர் பே' என்ற கேம், ரிடிக் என்ற நாயகனின் படம் வந்த அதே மாதத்திலேயே வந்தது. ஆனாலும் படத்தைவிடக் கேமுக்குத்தான் பேர் அதிகம். அவர்கள் படத்தின் கதையைத் தொடவே இல்லை. அதற்கு முன் நடந்ததாக ஒரு சிறையுடைப்பை எடுத்துக்கொண்டார்கள், நாயகன் மட்டும் பொது. படத்தொகுப்பில் எதை வெட்டினாலும் கேமுக்குப் பாதிப்பில்லை. வாங்கும்முன் நீங்கள் பார்க்கவேண்டியதும் இதுதான்: படத்தின் காட்சிகளை வரிசையாக ஒப்புவிக்கிற கேமா, அல்லது அந்தப் படத்தின் ஆள் செய்கிற ஒரேயொரு செயலை எடுத்து அதை ஒழுங்காகச் செய்திருக்கிறதா? முதலாவது வகையை யோசித்து வாங்குங்கள்.

கேள்வி: 'ஸ்பைடர்மான் 2' கேமில் வலை விட்டுப் பறப்பது உலக அதிசயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடமுள்ள கணினி இறுவட்டில் குறித்த இடங்களில் மட்டும்தான் வலை விழுகிறது. என்னுடைய கணினிதான் பழுதா?
– வாசகர், மானிப்பாய்

கணினி பழுதில்லை. உங்களிடம் இருப்பது வேறு கேம். பேரும் ஒன்று, அட்டைப்படமும் ஏறக்குறைய ஒன்று, வருடமும் அதே 2004. ஆனால் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றுக்குச் செய்தவர்கள் ட்ரேயார்க். கணினிக்குச் செய்தது ஃபிஸ் ஃபக்டர் என்ற வேறு நிறுவனம். அது சின்னப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிச் செய்யப்பட்டது. வலை ஒட்டுவதற்கென்று இடங்களைக் குறித்து வைத்திருப்பார்கள், அங்கே சுட்டியை அழுத்தவேண்டியதுதான். பெட்டியில் இதை எங்கும் சொல்லவில்லை. அந்த நாளில் ஏமாந்து வாங்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ட்ரேயார்க் செய்ததில் புதுமை என்னவென்றால், வலை உண்மையான கட்டடத்தில் ஒட்டவேண்டும். அதற்கு முந்திய 2002 கேமில் வலை வானத்தில் எங்கோ ஒட்டிக்கொள்ளும், ஸ்பைடர்மான் மிதந்து போவார். 2004 இல் பக்கத்தில் கட்டடம் இல்லையென்றால் வலையும் இல்லை. பூங்காவுக்குள் போனால் ஓடத்தான் வேண்டும். ஊஞ்சல் கணக்கும் நிஜமானது. கீழிறங்கும்போது வேகம் சேரும், அடிமட்டத்தைத் தாண்டும் இடத்தில் வேகப் பொத்தானை அழுத்தி, மேலேறும் பாதியில் விட்டுக் குதித்தால் தூரம் போகும். உச்சியில் விட்டால் உயரம் கிடைக்கும், முன்னோக்கிய வேகம் கிடைக்காது. புதிதாகப் பிடிப்பவர்கள் வலையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு 'மெதுவாகப் போகிறதே' என்பார்கள். காரணம் இதுதான்.

இந்தக் கேம் இன்று எந்த இணையக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பிளேஸ்டேஷன் 2 இறுவட்டும் இயந்திரமும் உங்களிடம் இருந்தால், பிசிஎஸ்எக்ஸ்2 என்ற இலவச எமியுலேட்டர் (ஒரு கருவியைப்போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருள்) வழியாகக் கணினியில் ஓட்டலாம். டிவிடி டிரைவில் இறுவட்டைப் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு இறுவட்டின் ஒரே பிரதியாக எடுங்கள். கீறல் விழுந்ததென்றால் வாசிப்பு வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்து எடுப்பது நல்லது, வேகமாகச் சுழலும்போது வாசிப்புப் பிழை கூடும். பயோஸ் கோப்பை (கருவியை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) உங்களுடைய சொந்தப் பிளேஸ்டேஷனிலிருந்தே எடுக்கவேண்டும். படத்தின் தெளிவை முதலில் 2 மடங்கில் வைத்துப் பாருங்கள், அது ஏறக்குறைய 720 வரித் தரம். 3 மடங்கு என்றால் 1080 அளவு.

இரண்டு இடத்தில் ஆட்கள் தடுமாறுவார்கள். ஒலி வெட்டி வெட்டி வந்தால் ஒலி அட்டையைத் திட்டாதீர்கள். திரையில் வேக வீதத்தைக் காட்டவிட்டுப் பாருங்கள். 100 க்குக் கீழே இருந்தால் புரொசஸருக்கு மூச்சு வாங்குகிறது, தெளிவைக் குறைத்தும் அது மாறவில்லையென்றால் அந்தக் கணினிக்குச் சரிவராது. மற்றது, எங்கள் பக்கம் புழங்கிய இறுவட்டுகளில் பல பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்குரியவை. அவை வினாடிக்கு 50 சட்டத்தில் ஓடுவதுதான் சரி. 60 வரவில்லை என்று அமைப்புகளைத் தோண்டவேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய 'அலாவுதீன்' கேமில் வாள் இருந்தது. நண்பர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். யார் சரி?
– வாசகர், வட்டுக்கோட்டை

இருவரும் சரி. 1993 இல் இரண்டு 'அலாவுதீன்' வந்தன. சேகா ஜெனசிஸுக்கு வேர்ஜின் நிறுவனத்தில் டேவிட் பெரியின் குழு செய்தது. அதில் வாள் உண்டு, அசைவுகளை டிஸ்னி ஓவியர்களே கையால் வரைந்தார்கள். சூப்பர் நின்டெண்டோவுக்குக் கப்கொம் செய்தது. அதன் வடிவமைப்பில் இருந்தவர் பின்னாளில் 'ரெசிடென்ட் ஈவில்' செய்த ஷின்ஜி மிகாமி. அதில் வாள் கிடையாது, எதிரியின் தலையில் குதித்து எழும்பவேண்டும். ஆப்பிள் எறிவது இரண்டிலும் பொது. ஓவியத்துக்கு ஜெனசிஸ், ஓடிக் குதிக்கும் சுகத்துக்குச் சூப்பர் நின்டெண்டோ என்பது எங்கள் தீர்ப்பு. கணினியில் பார்த்தவர்கள் பார்த்தது ஜெனசிஸ் வழி வந்த பதிப்பு.

இன்று வாங்குவதென்றால் 'டிஸ்னி கிளாசிக் கேம்ஸ்' தொகுப்பின் 2021 பதிப்பைப் பாருங்கள். 2019 இல் வந்த முதற் பதிப்பில் கப்கொம் செய்தது சேரவில்லை. அதே தொகுப்பில் 'லயன் கிங்'கும் இருக்கிறது. அதன் இரண்டாம் லெவலில் குரங்குகளிடம் மாட்டிக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு தகவல்: வாடகைக்கு எடுத்தவர்கள் இரண்டு நாளில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே கடுமையாக்கச் சொன்னார்கள் என்று செய்தவர்களில் ஒருவரே பின்னர் கூறியிருக்கிறார். இப்போதைய தொகுப்பில் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி தான் பாவித்த எக்ஸ்பொக்ஸ் 360 ஐயும் சில படக் கேம் இறுவட்டுகளையும் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். பிளக்கை மாற்றிப் போட்டால் போதுமா?
– ஒரு தாய், பருத்தித்துறை

அம்மா, பிளக்கை மட்டும் மாற்றிச் சொக்கெற்றில் போட்டுவிடாதீர்கள். எரிந்துவிடும். அதன் வயரின் நடுவில் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் அடியிலுள்ள எழுத்தில் 'இன்புட்' என்ற வரியைப் பாருங்கள். வட அமெரிக்கப் பெட்டியில் 100–127 வோல்ட் என்று இருக்கும். எங்களுடைய மின்சாரம் 230 வோல்ட்.

இரண்டு வழி. ஒன்று, 230 ஐ 110 ஆக இறக்கும் ரான்ஸ்போமர். முதல் மாதிரி எக்ஸ்பொக்ஸின் பெட்டி 203 வாட் தரும், அதற்கும் மேலாகவே சுவரிலிருந்து இழுக்கும். 200, 300 என்று எழுதிய மலிவான ரான்ஸ்போமர் அரை மணித்தியாலத்தில் கை வைக்க முடியாமல் சுடும். 500 வோல்ட்-அம்பியருக்குக் குறையாமல் கேளுங்கள். 60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் வித்தியாசம் இந்தக் கருவிக்குப் பொருட்டில்லை. இரண்டாவது, 220–240 வோல்ட் பெட்டியைத் தனியாக வாங்குவது. ரான்ஸ்போமரைவிட இதுதான் சுத்தம். ஆனால் வாங்கும்முன் எக்ஸ்பொக்ஸின் பின்புற ஸ்டிக்கரில் 16.5, 14.2, 12.1 இவற்றில் எந்த அம்பியர் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறையாத பெட்டியாக வாங்கவேண்டும். பொருந்தாத பெட்டி உள்ளே போகாதபடி முனையில் வெட்டு வைத்திருப்பார்கள். அதைச் சீவிச் செருகித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவேண்டாம்.

படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ தெரிந்தால் பழுதல்ல. வட அமெரிக்கக் கருவியின் என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறை நிறத்தைப் பழைய ரீவி ஏற்கவில்லை. எச்டிஎம்ஐ வழியாகப் புதிய ரீவிக்குக் கொடுத்தால் தீரும். 360 இன் தொடக்க மாதிரிகளில் எச்டிஎம்ஐ துளை இராது, பின்பக்கம் பாருங்கள். இலண்டனிலிருந்து யாரும் இறுவட்டு அனுப்புவதாகச் சொன்னால் பொறுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய இறுவட்டுகளில் சில கனடாக் கருவியில் ஓடும், சில ஓடா. அது கேமுக்குக் கேம் வேறுபடும்.

வந்த இறுவட்டுகளில் 'டோய் ஸ்டோரி 3' (2010) இருந்தால் மகனுக்கு அதை முதலில் கொடுங்கள். படக்கதை ஒரு பகுதி, 'டோய் பொக்ஸ்' என்று சொந்தமாக ஊர் கட்டி விளையாடும் பகுதி இன்னொன்று. இரண்டாவதில்தான் பிள்ளைகள் கிடையாய்க் கிடப்பார்கள். 'கிங் கொங்' (2005) நல்ல கேம், திரையில் உயிர்க்கோடோ தோட்டா எண்ணிக்கையோ காட்டாது, நாயகன் வாயால்தான் எத்தனை மிச்சம் என்று சொல்வான். ஆனால் 360 பதிப்பு பழைய குழாய் ரீவியில் இருட்டாகத் தெரியும். 2009 'வூல்வரின்' இருந்தால் ஒளித்து வையுங்கள், அந்த இரத்தம் பிள்ளைகளுக்குரியதல்ல.

கேள்வி: எட்டு வயது, பதினொரு வயதுப் பிள்ளைகள், ஒரே கணினி. சண்டை பிடிக்காமல் சேர்ந்து விளையாட ஏதும் படக் கேம் உண்டா?
– ஒரு தகப்பன், சாவகச்சேரி

லெகோ கேம்கள். 2005 இல் ட்ரவலர்ஸ் டேல்ஸ் 'லெகோ ஸ்டார் வோர்ஸ்' செய்தபோது வகுத்த விதி இன்றைக்கும் மாறவில்லை: செத்தால் சேர்த்த காசுமணி கொஞ்சம் சிதறும், நின்ற இடத்திலேயே எழும்பலாம். இரண்டாம் ஆள் எந்த நேரமும் உள்ளே வரலாம், சாப்பிடக் கூப்பிட்டால் வெளியேறலாம். முதலாமவர் ஆட்டம் நிற்காது.

பழைய கணினியென்றால் 'லெகோ ஸ்டார் வோர்ஸ்: த கம்ப்ளீட் சாகா' போதும். அதில் இருவருக்கும் ஒரே கமரா. ஒருவன் முன்னே ஓட மற்றவன் பெட்டி உடைத்துக்கொண்டு நின்றால் இழுபட்டுப் பள்ளத்தில் விழுவான், அங்கே சண்டை நிச்சயம். 2009 இன் 'இண்டியானா ஜோன்ஸ் 2' இலிருந்து பிள்ளைகள் விலகினால் திரை தானாகப் பிரியும், நெருங்கினால் சேரும். 2022 இன் 'ஸ்கைவோக்கர் சாகா'வில் இருவர் விளையாடும்போது திரை எப்போதும் இரண்டாகவே இருக்கும். கணினி தாங்குமென்றால் இதையே எடுங்கள்.

ஒரே கீபோர்ட்டில் இருவரையும் விடாதீர்கள். மலிவான கீபோர்ட்டுகள் மூன்று நாலு விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். தம்பி குதிக்க அழுத்தியது வேலை செய்யாது, அண்ணன்தான் குழப்பினான் என்று அழுகை வரும். இரண்டு யூஎஸ்பி ஜொய்ஸ்டிக் வாங்குங்கள். வாங்கும்போது எக்ஸ்-இன்புட் என்ற புதிய விண்டோஸ் ஜொய்ஸ்டிக் முறையில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். பலவற்றில் நடுப் பொத்தானைச் சில வினாடி பிடித்தால் முறை மாறும். பழைய முறை மட்டும் உள்ளதை வாங்கிவிட்டீர்களென்றால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை மென்பொருளின் கொன்ட்ரோலர் அமைப்பில் அதை இயக்கி, பொத்தான்களை ஒருதடவை பதிந்துவிட்டால் சரியாகும்.

கேள்வி: 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்' கேமில் பிராணிகள் மடையன்கள் மாதிரி நேரே ஓடி வந்து சாகின்றன. ஒரு எழுத்தை அழித்தால் சரியாகும் என்கிறார்களே, பகிடியா?
– கணினி வகுப்பு மாணவர், நெல்லியடி

பகிடியில்லை. 2013 இல் வந்த இந்தக் கேமின் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. பிராணிகளை அவற்றுக்குரிய வலயத்தோடு பிணைத்து, சுற்றி வளைக்கவும் பின்னால் வரவும் வைக்கிற பகுதியை அந்த வரிதான் அழைக்கவேண்டும். பேர் பிழையாக இருப்பதால் அழைப்பு போய்ச் சேருவதில்லை. பிராணிகளும் அருகிலுள்ள வழியில் நேரே வந்து விழுகின்றன. ஐந்து வருடமளவு யார் கண்ணிலும் பரவலாகப் படவில்லை, 2018 இல்தான் செய்தி பரவியது.

செய்முறை: கேமை ஒருதடவை திறந்து மூடுங்கள், அப்போதுதான் கோப்பு உருவாகும். 'டொக்யுமென்ட்ஸ்' கோப்புறைக்குள் 'மை கேம்ஸ்', அதற்குள் கேமின் பேர், பிறகு 'பெகன்கேம்', 'கொன்பிக்' என்று போங்கள். விண்டோஸ் 11 இல் 'டொக்யுமென்ட்ஸ்' சிலவேளை 'ஒன்டிரைவ்' (OneDrive) கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கும், கோப்பு காணவில்லை என்பவர்கள் அங்கே தேடுங்கள். 'பெகன்எஞ்சின்' என்ற ஐஎன்ஐ கோப்பைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு நோட்பேட்டில் திறவுங்கள். எக்ஸ், ஈ, என், ஓ என்ற நாலெழுத்தைத் தேடினால் ஒரு வரி வரும். அந்த வரியில் 'டெதர்' என்ற சொல் இருமுறை வரும். சமக்குறிக்குப் பின் வருவதில் மட்டும் 'ஈ'க்கும் 'டீ'க்கும் நடுவில் வேண்டாத 'ஏ' ஒன்று நுழைந்திருக்கும். அதை மட்டும் அழித்துச் சேமியுங்கள்.

பிராணிகள் முன்பைவிடப் பதுங்கும், பக்கவாட்டில் வரும். கேம் அதோடு நல்ல கேமாகிவிடும் என்று நினைக்காதீர்கள்; கதையும் லெவல்களும் அப்படியேதான். அதே படவரிசையில் நல்லது வேண்டுமென்றால் 2014 இன் 'ஏலியன்: ஐசொலேஷன்'. அதில் ஒரேயொரு பிராணிதான் உங்களைத் தேடும். அதற்கு இரண்டு மூளை: ஒன்று நீங்கள் இருக்கும் இடத்தை அறிந்து, ஏறக்குறைய எந்தப் பக்கம் தேடலாம் என்று குறிப்பு மட்டும் கொடுக்கும், மற்றது கண்ணாலும் காதாலும் தானே கண்டுபிடிக்கும். அதனால் பிராணி எப்போதும் அருகிலேயே திரியும், ஆனால் ஏமாற்றி வந்தது என்று உங்களுக்குத் தோன்றாது. லொக்கருக்குள் ஒளிக்கும் பழக்கத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது அங்கே தேடத் தொடங்கும்.

கேள்வி: 2001 இல் வாங்கிய 'ஹரி பொட்டர்' கணினி இறுவட்டு விண்டோஸ் 11 இல் திறக்கவே மறுக்கிறது.
– ஆசிரியை, சுன்னாகம்

அந்தக் காலத்து இறுவட்டுகள் பலவற்றில் திருட்டுப் பிரதியைத் தடுக்க சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகளைப் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டுக்குத் தேவையான டிரைவர் பாதுகாப்பு ஓட்டை என்று விண்டோஸ் 10 இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கேம் உள்ளே ஏறும், திறக்கும்போது ஒன்றும் நடக்காமல் மூடிவிடும். பொருந்துமுறையை 'எக்ஸ்பி' என்று மாற்றிப் பார்ப்பதெல்லாம் இங்கே உதவாது. மூலையில் கிடக்கும் பழைய கணினியொன்றில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு விளையாடுவதுதான் சிக்கலில்லாத வழி. 'பூட்டு உடைத்த' கோப்பு என்று இணையத்தில் கிடைப்பவற்றோடு வைரஸும் சேர்ந்து வரும். பள்ளிக்கூட வினாத்தாள்கள் உள்ள கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

உங்களுடையது நோவண்டர் செய்த பதிப்பு, சுட்டியால் மந்திர வடிவத்தை வரைவது. அதே பேரில் கேம்போய் கலருக்கு வந்தது முறைவைத்து அடிக்கும் பாத்திர ஆட்டம். பிளேஸ்டேஷன் 1 க்கு ஆர்கனோட் செய்தது இன்னொன்று. 2003 இல் பிளேஸ்டேஷன் 2 க்கு வந்தது வேறொன்று. ஒரே பேரில் குறைந்தது நாலு கேம்.

கேள்வி: நாலாந் தலைமுறை ஐ5, 8 ஜிகாபைட் ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. புதிய படக் கேம்கள் ஓடுமா? டவுன்லோட் அளவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
– வாசகர், உரும்பிராய்

'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' (2024) திறக்கவே திறக்காது. அதற்கு ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் கட்டாயம், குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கேட்கிறது, இடம் 120 ஜிகாபைட். 'ஹொக்வார்ட்ஸ் லெகசி' (2023) குறைந்தபட்சமே 16 ஜிகாபைட் ராம், 4 ஜிகாபைட் கார்ட். ராமை 16 ஆக்கினாலும் உங்கள் கார்ட் போதாது. 'ஏலியன்: ஐசொலேஷன்' வடிவாக ஓடும். 'மாட் மெக்ஸ்' (2015) அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். அது படம் வந்த வருடமே வந்தாலும் கதை வேறு. காரைக் கட்டி ஓட்டுவதுதான் முழு வேலை, அதைச் செவ்வையாகச் செய்கிறது.

அளவைப் பொறுத்தவரை, 85 ஜிகாபைட் கேம் ஒன்றை வினாடிக்கு 20 மெகாபிட் இணைப்பில் இறக்க 9 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். அதே கேமை ஸ்டீமில் வாங்கிய நண்பர் இருந்தால் அவருடைய 'ஸ்டீம்அப்ஸ்' கோப்புறையின் 'கொமன்' பகுதியிலிருந்து கேமின் கோப்புறையை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, உங்கள் கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டு 'இன்ஸ்டோல்' கொடுங்கள். ஸ்டீம் இருப்பதைக் கண்டுகொண்டு குறைவதை மட்டும் இறக்கும். கேமை நீங்களும் வாங்கியிருக்கவேண்டும். டிஸ்க் ஃபாட்32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, பாதியில் நிற்பதற்கு அதுதான் காரணம். எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முன்பே எடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் படங்களுக்கு ஏன் நல்ல கேம் வருவதில்லை?
– வாசகி, வேலணை

முயற்சி இல்லாமலில்லை. 2008 இன் ஹிந்திக் 'கஜினி'க்கு ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ் லாப்ஸ் கணினிக் கேம் செய்தது. 2011 இல் 'ரா.வன்' பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 2013 இன் 'தூம் 3' கைத்தொலைபேசியில் முடிவில்லாமல் ஓட்டும் ஆட்டம். 2014 இல் 'கோச்சடையான்' படத்துக்கு அம்பு விடும் ஆட்டம். 2017 இல் 'பாகுபலி'க்கு மூன்ஃபுரொக் செய்தது கோட்டை கட்டிப் படை அனுப்பும் வகை.

இவற்றில் கைத்தொலைபேசி ஆட்டங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வகைக்கு நடிகரின் முகத்தைப் போட்டவை. முகத்தைக் கழற்றி வேறொருவரை வைத்தாலும் ஆட்டம் மாறாது. பணக் கணக்கும் அப்படித்தான் தள்ளுகிறது: இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் எடுக்கவேண்டும், படத்தின் பேச்சு சில கிழமையில் அடங்கிவிடும். வேறு வழியும் உண்டு என்பதற்கு டேயொன் என்ற போலந்து நிறுவனத்தைப் பாருங்கள். 2014 இல் 'ரம்போ' செய்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2019 இல் 'டேர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ்', 2023 இல் 'ரோபோகொப்: ரோக் சிற்றி'. கடைசியானது படம் வந்து 36 வருடத்துக்குப் பிறகு, புதிய கதையோடு. ரோபோகொப் குதிக்கமாட்டார், குனியமாட்டார். பாரமாக நடந்து, குண்டை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சுடுவார். மற்றச் சுடும் கேம்களைப்போல் மறைந்து மறைந்து விளையாடினால் சலிக்கும், நிமிர்ந்து நடந்தால் ருசிக்கும். பழைய தமிழ்ப் படமொன்றை எடுத்து, திகதி நெருக்கடி இல்லாமல் இப்படிச் செய்ய யாராவது துணிந்தால் வாங்க இங்கே ஆள் உண்டு.

கேள்வி: படம் பார்க்காமல் கேமை விளையாடலாமா?
– வாசகர், காரைநகர்

அநேகமானவற்றை விளையாடலாம். 'என்டர் த மேட்ரிக்ஸ்' (2003) மட்டும் விலக்கு. இரண்டாம் 'மேட்ரிக்ஸ்' படம் எடுக்கும்போதே கேமுக்கென்று ஒரு மணித்தியாலமளவு காட்சிகளை அதே நடிகர்களைக் கொண்டு எடுத்தார்கள். படத்தில் ஓரமாக வந்துபோகும் நயோபியும் கோஸ்டும் திரைக்கு வெளியே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் கேம். இரண்டாம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேமுக்குப் போங்கள், பிறகு மூன்றாம் படம்.